பம்பாயில் மண் பொன்னான வரலாறு



1668ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ், பம்பாய்த் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார். அத்தீவு அவருக்குத் திருமணச் சீராக வந்தது. போர்த்துக்கல் இளவரசி காதரினை அவர் மணப்பதற்காக 1661ஆம் ஆண்டில் எழுதப்பட்ட உடன்படிக்கையில் அதுவும் ஓர் இனம். நெடுந்தொலைவில் கிடந்த அந்தச் சதுப்பு நிலத்தை வைத்து ஆளும் செலவு மன்னருக்குப் பாரமாகத் தோன்றவே, ஆண்டுக்கு 10 பவுன் வாடகை, பொன்னாகச் செலுத்தவேண்டும் என்ற நிபந்தனையுடன் அதைக் கம்பெனியாரிடம் ஒப்படைத்துவிட்டார். ஆகவே பம்பாய் நகரின் வரலாறே ஒரு வாடகைச் சீட்டிலிருந்து தொடங்குகிறது என்று நாம் சற்று வேடிக்கையாகக் கூறலாம்.

இன்று அந்நகரில் ஒரு படுக்கையறையுள்ள வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, மாதந்தோறும் சம்பளத்தின் பெரும்பகுதியை வாடகைக்கோ வங்கித் தவணைக்கோ எண்ணிக் கொடுக்கும் நம்மவர் ஆயிரமாயிரம் பேர். அவர்களுக்கு இச்செய்தி ஒரு பெருமூச்சை வரவழைக்கும். ஆனால் நாம் ஆராயப் புகுவது விலையேற்றத்தை மட்டுமன்று. கட்டடம் கட்டுவதும் மனை விற்பதும் ஒரு நகரத்தின் பொருளாதாரத்தில் எந்த இடத்தில் இருந்தன, அந்த இடம் எவ்வாறு மாறிற்று என்பதே நம் கேள்வி. இதற்குப் பம்பாயைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தியாவில் வேறில்லை. மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் மூன்று நான்கு தலைமுறைகளாகத் தமிழர் வாழ்ந்து வருவதால், இது நம் வீட்டுக் கதையும் ஆகும்.

ஏழு சிறு தீவுகளாகச் சிதறிக் கிடந்த நிலப்பரப்பு அது. கடல் ஏற்றத்தின்போது தண்ணீர் உட்புகுந்து தீவுகளுக்கிடையே தேங்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவர்னர் ஹார்ன்பியின் காலத்தில் வொர்லிக்கருகே கடல் உட்புகும் வாயை அடைத்துக் கரை கட்டினர். பிறகு சிறிது சிறிதாக இடைவெளிகளைத் தூர்த்து ஒரே தீவாக்கினர். இவ்வாறு பம்பாயில் நிலமே கையால் செய்யப்பட்ட ஒரு பண்டம். தஞ்சையிலோ திருநெல்வேலியிலோ நிலம் முன்னோர் விட்டுச் சென்றது. விளைச்சலை வைத்து அதன் மதிப்பு தீர்மானிக்கப்படும். பம்பாயிலோ கல்லும் மண்ணும் கூலியும் போட்டு நிலத்தை உண்டாக்கினார்கள். உண்டாக்குவதற்குச் செலவிட்டவன் அதை இலாபத்துக்கு விற்க நினைப்பது இயல்பே. எனினும் தொடக்கத்தில் இந்த வேலையெல்லாம் துறைமுகத்துக்கும் வாணிகத்துக்கும் இடம் தேடிக் கொடுக்கும் துணைவேலையாகவே இருந்தது. கப்பலுக்குத் துறை, பஞ்சுக்குக் கிடங்கு, வணிகனுக்கு மாடம் என்ற அளவில்தான் கட்டடத்தின் பணி நின்றது.

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16இல் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் புகைவண்டி ஓடிற்று. அடுத்த ஆண்டில் காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்ஸி வணிகர், நகரின் முதல் நூற்பாலைக்கான கம்பெனியைத் தொடங்கினார். புகைவண்டி உள்நாட்டுப் பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொணர்ந்தது. இந்நிலையில் எங்கோ அமெரிக்காவில் மூண்ட ஓர் உள்நாட்டுப் போர், பம்பாயில் மனை வாணிகம் என்ற பெரும் பூதத்தை முதன்முறையாகக் கிளப்பிவிட்டது.

1861இல் அப்போர் தொடங்கியதும் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்பட்டது. லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்திக்குக் கையேந்தின. விலை பன்மடங்கு உயர்ந்தது. ஐந்தாண்டுக் காலத்தில் பம்பாய்க்கு வழக்கமான வரவுக்கு மேல் ஏறத்தாழ எட்டுக் கோடிப் பவுன் வந்து குவிந்ததாகப் பழைய அரசாங்கக் குறிப்புகள் மதிப்பிடுகின்றன. இவ்வளவு பணம் எங்கே செல்லும்? புதிய ஆலைகள் கட்ட நாளாகும். எந்திரம் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிக்கோ ஒரு வரைபடமும் ஓர் அலுவலகமும் இருந்தால் போதும்! அவ்வாறு எழுந்தவற்றுள் தலையாயது பாக் பே தூர்ப்புக் கம்பெனி. அதன் 5,000 ரூபாய்ப் பங்கு ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 50,000 ரூபாய்க்குக் கை மாறிற்று. நிலம் இன்னும் கடலுக்கடியில்தான் இருந்தது. பங்கு மட்டும் வானத்தில் பறந்தது. பிரேம்சந்த் ராய்சந்த் என்ற இளம் குஜராத்தி வணிகரின் சொல்லுக்கு வங்கிகள் கட்டுப்பட்டு நின்றன. மளிகைக்காரரும் குமாஸ்தாவும் வெள்ளைக்கார அதிகாரியும் ஒருங்கே பங்கு வாங்கினர்.

1865 ஏப்ரலில் அமெரிக்கத் தளபதி லீ சரணடைந்த செய்தி வந்தது. பருத்தி விலை சரிந்தது. அவ்வாண்டு ஜூலை 1ஆம் தேதி, முன்பேரங்களையெல்லாம் தீர்த்துப் பணம் கொடுக்கவேண்டிய நாள். கொடுக்க வேண்டியவர்களிடம் பணம் இல்லை. ஒருவர் வீழ, அவரை நம்பியவர் வீழ, அவரை நம்பிக் கடன் கொடுத்த வங்கியும் வீழ்ந்தது. அரசாங்கத்தின் பங்கும் இருந்த பம்பாய் வங்கியே 1868இல் மூடப்பட்டது. 1864இல் எடுத்த மக்கட்கணக்கின்படி நகரில் 8,16,562 பேர் இருந்தனர். 1872இல் மீண்டும் எண்ணியபோது 6,44,405 பேரே இருந்தனர். பிழைக்க வந்தவர் திரும்பிப் போய்விட்டனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பேய்க்கூத்து நடந்த காலத்தில் தூர்த்த நிலமும் எழுப்பிய கட்டடமும் பணத்தோடு கரைந்துவிடவில்லை. கவர்னர் பார்ட்டில் பிரியர் கோட்டை மதில்களை இடித்து நகரைத் திறந்துவிட்டார். இன்று நாம் இரயிலில் இறங்கும் சர்ச்கேட் என்பது அம்மதிலில் இருந்த ஒரு வாயிலின் பெயரே. பிரேம்சந்த் தம் நல்ல காலத்தில் பல்கலைக்கழகத்துக்கு அளித்த நன்கொடையால் எழுந்த மணிக்கூண்டு 1878இல் முடிந்து, அவருடைய தாயார் ராஜாபாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நொடித்துப்போன தூர்ப்புக் கம்பெனி ஒன்றின் நிலத்தை அரசாங்கம் வாங்கிக்கொண்டது. அதன் தொடர்ச்சியாக 1873இல் துறைமுக டிரஸ்ட் அமைந்தது. மனைச் சூதாட்டம் மக்களை ஓட்டாண்டி ஆக்கும். நகரத்துக்கோ கல்லும் சுண்ணாம்பும் மிஞ்சும். இந்த விசித்திரத்தைப் பின்னரும் காண்போம்.

அதன்பின் முப்பதாண்டுகள் பஞ்சாலைகளின் காலம். பரேல், லால்பாக், வொர்லிப் பகுதிகளில் புகைபோக்கிகள் எழுந்தன. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் தொழிலாளர் வந்து குவிந்தனர். அவர்களுக்காகக் கட்டப்பட்டவையே 'சால்' என்று வழங்கும் கட்டடங்கள். ஒரு நீண்ட தாழ்வாரம், அதையொட்டி வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் பொதுக் குழாயும் பொதுக் கழிப்பிடமும். சென்னையில் ஒண்டுக்குடித்தனம் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதையே மூன்று மாடி உயரத்துக்கு அடுக்கினால் சால். ஆலைச் சங்கு ஊதினால் கேட்கும் தூரத்தில் தொழிலாளி இருக்கவேண்டும் என்பதே அதன் பொருளாதாரம். வீடு, ஆலையின் ஒரு துணைக்கருவி.

1896 செப்டம்பரில் மாண்ட்வி வட்டாரத்தில் டாக்டர் அகாசியோ வீகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தார். காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் நோய் தீயெனப் பரவிற்று. மக்கள் ஊரைவிட்டு ஓடினர். ஆலைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. அப்போதுதான் வீடு என்பது வணிகத்தின் உயிரோடு தொடர்புடைய விஷயம் என்று முதலாளிகளும் அரசாங்கமும் உணர்ந்தனர். 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் தோன்றிற்று. அது சேரிகளை இடித்துச் சாலைகள் போட்டது; தொடக்கத்தில் கட்டியதைவிட இடித்ததே மிகுதி. எனினும் தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் வயலும் தோப்புமாக இருந்த நிலத்தை வாங்கி, ஒழுங்கான தெருக்களும் மனைகளுமாகப் பிரித்தது அந்த டிரஸ்டே. பரேலில் அது கட்டிய சாலில் இரண்டு அறைகளில்தான் டாக்டர் அம்பேத்கர் பல ஆண்டுகள் குடும்பத்தோடு வாழ்ந்தார்.

மாதுங்காவுக்குத் தமிழர் பெருவாரியாக வந்தது 1920களிலும் 30களிலும் ஆகும். இரயில்வே, வங்கி, வணிக நிறுவனங்கள் ஆகியவற்றில் சுருக்கெழுத்தும் கணக்கும் தெரிந்த இளைஞர்களுக்கு வேலை இருந்தது. அவர்கள் கிர்காம் சால்களின் பொதுக் குழாயடியைவிட்டு, தனிச் சமையலறையும் தனிக் குளியலறையும் உள்ள 'பிளாட்' என்ற புதுவகை வீட்டை நாடினர். ஆசாரத்துக்கு அது ஒத்து வந்தது என்பது ஒரு காரணம். மாதச் சம்பளம் ஒழுங்காக வந்ததால் வாடகை கொடுக்க முடிந்தது என்பது மற்றொன்று. அக்குடியிருப்பின் நடுவே 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிற்று. பிளாட் என்ற அமைப்பு இந்திய நகரங்களெங்கும் பரவியதில் மாதுங்காவின் தெருக்களுக்கு முக்கிய இடம் உண்டு என்று வரலாற்றாசிரியர் கூறுகின்றனர். நம் பாட்டனார்கள் இதைப்பற்றிப் பெருமை பேசியதாகத் தெரியவில்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதே அவர்களுக்குக் கவலையாயிருந்திருக்கும்.

இக்கட்டடங்கள் சுண்ணாம்பைவிட்டு சிமெண்டுக்கும் கம்பிக்கும் மாறிய காலமும் அதுவே. இந்தியாவில் சிமெண்டு உற்பத்திக்கான முதல் முயற்சி 1904இல் சென்னையில், கடற்சிப்பியைக் கொண்டு நடந்தது; அது நிலைக்கவில்லை. 1936இல் பல சிமெண்டுக் கம்பெனிகள் பம்பாயில் ஒன்றிணைந்தபோது அத்தொழில் வேரூன்றிவிட்டது. கட்டடம் கட்டுவது இரும்பு, சிமெண்டு, மின்சாரம் எனப் பல தொழில்களைத் தன்பின் இழுத்துச் செல்லும் குதிரையாயிற்று.

இடையே மற்றுமொரு பெருமுயற்சி நடந்தது. 1920இல் கவர்னர் ஜார்ஜ் லாயிட் அபிவிருத்தி இலாகா ஒன்றை நிறுவினார். தொழிலாளருக்கு 50,000 அறைகள் கட்டுவதும், பாக் பேயைத் தூர்ப்பதும் அதன் திட்டம். அறைகளுக்கான செலவுக்காக நகருக்குள் வரும் ஒவ்வொரு பஞ்சுப் பொதிக்கும் ஒரு ரூபாய் வரி விதித்தனர். பஞ்சு உழைத்துச் சம்பாதித்தது. அந்தச் சம்பாத்தியத்திலிருந்து உழைப்பவனுக்கு வீடு. கணக்கு நேர்மையானதுதான். ஆனால் பஞ்சு வாணிகம் தளர்ந்தது. பாக் பே வேலையில் ஊதாரித்தனமும் ஊழலும் மலிந்ததாக கே. எப். நரிமான் பெருங்கிளர்ச்சி செய்தார். 'லாயிடின் மடமை' என்ற பெயர் அத்திட்டத்துக்கு நிலைத்தது. முடிவில் வொர்லி, நைகாம், டிலைல் சாலை, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 207 கட்டடங்களே எழுந்தன. ஒவ்வொன்றிலும் 80 அறைகள், ஒவ்வோர் அறையும் 160 சதுர அடி. மொட்டைச் சிமெண்டுச் சுவர்களைக் கண்டு அஞ்சி, முதலில் பலர் குடிவரத் தயங்கினர். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகர மக்களில் நூற்றுக்கு எழுபதின்மருக்கு மேல் ஒற்றை அறை வீடுகளில் வாழ்ந்தனர். தூர்த்த பாக் பேயின் ஒரு பகுதியிலோ, 1930களிலும் 40களிலும் மெரைன் டிரைவின் அழகிய மாளிகைகள் எழுந்தன. திட்டமிட்டவர் கேலிக்கு ஆளாயினர், கட்டடம் நிலைத்தது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. நகரில் ஆள் பெருக்கம்; வீடோ பெருகவில்லை. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினர். சுதந்திரத்துக்குப் பின் வந்த 1947ஆம் ஆண்டுச் சட்டம், வாடகையை 1940 செப்டம்பர் 1ஆம் தேதியில் இருந்த அளவிலேயே நிறுத்தி வைத்தது. அக்காலத்தில் இதனால் காப்பாற்றப்பட்ட குடும்பங்கள் எண்ணற்றவை. நம்மவரும் அதில் அடக்கம். ஆனால் சில ஆண்டுகளுக்கென்று எண்ணிய ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. முப்பது ரூபாய் வாடகை முப்பது ரூபாயாகவே இருக்க, கூரை ஒழுகினால் ஓடு மாற்றவும் அது போதவில்லை. எந்த வணிகன் இனி வாடகைக்கு வீடு கட்டுவான்? கட்டுவது நின்றது. குடியிருப்பவர் வெளியேறும்போது, புதிதாக வருபவரிடம் ஒரு பெருந்தொகை வாங்கி அதை வீட்டுக்காரரோடு பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் தோன்றிற்று. இதற்குப் 'பகடி' என்று பெயர். அவ்வூர் மொழிகளில் அச்சொல்லுக்குத் தலைப்பாகை என்று பொருள். தமிழில் பகடி என்றால் கேலி. வேலை கிடைத்து வந்து, மனைவியை ஊரில் விட்டுவிட்டு, இப்பணம் சேர்க்க ஆண்டுக்கணக்காக விடுதியில் கிடந்த நம் இளைஞர்களுக்குத் தமிழ்ப் பொருளே பொருத்தமாகப் பட்டிருக்கும்.

உச்ச நீதிமன்றம் 1997இல் அந்த உறைந்த வாடகை முறை நியாயத்துக்குப் பொருந்தாததாகிவிட்டது என்று கூறியது. 1999ஆம் ஆண்டுப் புதிய மகாராஷ்டிரச் சட்டம், ஆண்டுக்கு நூற்றுக்கு 4 வீதம் வாடகை உயர்த்த இடமளித்தது. அதற்குள் நகரின் பொருளாதாரமே திசை மாறிவிட்டது. வாடகை வீடு மறைந்த இடத்தில் சொந்த வீடு வந்தது. பாகிஸ்தானிலிருந்து வந்த சிந்தி அகதிகளுள் பலர் கட்டட வாணிகத்தில் இறங்கினர். கூட்டுறவுச் சங்கங்கள் பெருகின. கட்டி முடிக்குமுன்னரே பணம் வாங்கி ஏமாற்றும் பேர்வழிகளைக் கட்டுப்படுத்த 1963இல் ஒரு சட்டமே இயற்ற நேர்ந்தது.

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்பது நம் பழமொழி. அதில் வீடு ஒரு செலவு. கையிருப்பைக் கரைக்கும் பெருஞ்செலவு. பம்பாயில் 1960களுக்குப் பிறகு வீடு என்பது சேமிப்பு ஆயிற்று. அடுத்த தலைமுறையில் அது முதலீடு ஆயிற்று. 1977இல் எச். டி. பாரேக் தொடங்கிய வீட்டுக்கடன் நிறுவனம், மாதச் சம்பளக்காரனும் நீண்ட தவணையில் வீடு வாங்கலாம் என்று காட்டிற்று. 1976இல் வந்த நகர நில உச்சவரம்புச் சட்டம் பம்பாயில் ஒருவர் 500 சதுர மீட்டருக்கு மேல் காலிமனை வைத்திருக்கலாகாது என்றது. ஏழைக்கு நிலம் கிடைக்கட்டும் என்பது அதன் நோக்கம். நடந்ததோ வேறு: விலக்குகளிலும் வழக்குகளிலும் நிலம் முடங்கிற்று, வெளிச்சந்தையில் மனை அரிதாகி விலை ஏறிற்று. 2007இல்தான் மகாராஷ்டிரம் அச்சட்டத்தைக் கைவிட்டது.

இவ்விலையேற்றம் அடிமட்டம் வரை எப்படி இறங்கிற்று என்பதை ஒரு நீதிமன்ற ஏட்டில் காணலாம். சேலத்தைச் சேர்ந்த நிலமற்ற கூலியாள் ஒருவர், வறட்சியால் வேலையிழந்து 1961இல் பம்பாய்க்கு வந்தார். ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் அவருக்கு நாட்கூலி 23 ரூபாய். மேற்கு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்ட ஒரு மறைப்புக்கு, அவ்விடத்தை ஆண்ட ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பிடுங்கிக்கொண்டான். நூறு நாளைக்கு மேற்பட்ட கூலி. சொந்தமில்லாத, எவருமே விற்க உரிமையில்லாத நடைபாதைக்கு! அங்கு மனைவியோடும் மூன்று பெண்களோடும் அவர் வாழ்ந்தார். 1981 ஜூலையில் மழைக்காலத்தில் அம்மறைப்பு இடிக்கப்பட்டது. குடும்பம் சேலத்துக்குச் செல்லும் பஸ்ஸில் ஏற்றப்பட்டது. மனைவி மக்கள் ஊரில் தங்க, அவர் மட்டும் திரும்பி வந்து மீண்டும் நடைபாதையில் குடியேறினார். வேலை இருக்கும் இடத்தில் அல்லவா மனிதன் இருக்க முடியும்? இவரையும் இவர் போன்றோரையும் பற்றிய வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, உயிர் வாழும் உரிமையில் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும் என்றது. அதே தீர்ப்பு, தக்க அறிவிப்புக் கொடுத்து நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்றும் இடமளித்தது.

இந்நிலையில் ஆலைகளின் கதை முடிவுக்கு வந்தது. 1982 ஜனவரி 18ஆம் தேதி டாக்டர் தத்தா சாமந்தின் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். முறைப்படி அது முடித்து வைக்கப்படவே இல்லை. எந்திரங்கள் பழையவை, விசைத்தறிகள் பிவாண்டியில் மலிவாக நெய்தன. ஒவ்வோர் ஆலையாக மூடிற்று. அப்போது முதலாளிகள் கணக்குப் பார்த்தனர். ஆலையைவிட ஆலை நின்ற மண்ணுக்கு விலை அதிகம்! நகரின் நடுவே ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம் 58 ஆலைகளின் கையில் இருந்தது.

1991ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் ஒரு நல்ல ஏற்பாட்டைச் செய்தன. ஆலை நிலத்தை விற்றுக் கட்ட விரும்புவோர் அதை மூன்று பங்காக்கவேண்டும்: ஒரு பங்கு மாநகராட்சிக்குத் தோட்டமும் திடலுமாக, ஒரு பங்கு பொதுமக்கள் வீட்டுவசதிக்காக அரசாங்க வாரியத்துக்கு, ஒரு பங்கு உடையவருக்கு. ஏட்டளவில் இதைவிட நேர்மையான பங்கீடு இருக்க முடியாது. ஆனால் பழைய கட்டடத்தை இடிக்காமல் உள்ளே மாற்றியமைத்தால் பங்கு தர வேண்டியதில்லை என்ற இடுக்கு இருந்தது. 2001இல் விதியே திருத்தப்பட்டது: மொத்த நிலத்தைப் பங்கிட வேண்டா, கட்டடம் ஏதும் நில்லாத வெற்றிடத்தை மட்டும் பங்கிட்டால் போதும். ஆலைகள் நிலம் முழுவதும் கட்டடம் நிறைந்தவை; வெற்றிடம் எவ்வளவு இருக்கும்? பொதுமக்களின் பங்கு ஏறக்குறைய ஆவியாயிற்று. சுற்றுச்சூழல் அமைப்பினர் வழக்காடினர். 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது; 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி ஆலைக்காரர்களுக்குச் சாதகமாகத் தீர்த்தது. ஆலைப் பகுதியைத் திடல்களும் எளியோர் வீடுகளும் உள்ள ஒரே திட்டமாக அமைக்கக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவின் குழு 1996இலேயே யோசனை அளித்திருந்தது. அது ஏட்டில் உறங்கிற்று. நம் கருத்தில், அந்நகரம் இழந்த வாய்ப்புகளுள் இதைவிடப் பெரிது வேறில்லை. தூர்க்காமல், கடலோடு போராடாமல், நகரின் இதயத்தில் கிடைத்த நிலம் அது.

விலை எவ்வாறு பறந்தது என்பதற்கு ஒன்று கூறுவோம். 2005இல் அரசாங்க ஜவுளிக் கழகம் தன் ஆலைகளுள் ஒன்றின் ஏறத்தாழ 17 ஏக்கர் நிலத்தை ஏலம் விட்டது. டில்லிக் கம்பெனி ஒன்று 702 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஏழாண்டுகள் கழித்து அதே நிலம் ஏறத்தாழ 2,700 கோடிக்குக் கை மாறிற்று. அந்த ஏழாண்டுகளில் அந்நிலத்தில் ஒரு முழம் துணியும் நெய்யப்படவில்லை. 1864இல் கடலுக்கடியில் இருந்த பாக் பே நம் நினைவுக்கு வருகிறது. வேலையிழந்த தொழிலாளர்க்கு வீட்டு வாரியத்தின் பங்கு நிலத்தில் வீடு தருவதென முடிவாகி, 2012 ஜூனில் 6,925 வீடுகளுக்குச் சீட்டுக் குலுக்கினர். விண்ணப்பித்தவர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர்.

நாடு முழுவதையும் நோக்கினால் இம்மாற்றத்தின் மற்றொரு முகம் தெரிகிறது. 2022-23ஆம் ஆண்டின் அரசாங்கத் தொழிலாளர் ஆய்வுப்படி, இந்தியாவில் வேலை செய்வோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் கட்டட வேலையில் இருந்தனர். ஆலை முதலிய உற்பத்தித் தொழில்களில் 11 பேர் சொச்சமே. நிலத்தைவிட்டு வருபவனை முன்னர்ப் பஞ்சாலை ஏற்றுக்கொண்டது. இப்போது சாரமும் கலவையும் ஏற்கின்றன. ஆலைத் தொழிலாளிக்கு வருகைப் பதிவேடும் சேமநிதியும் சங்கமும் இருந்தன. சித்தாளுக்கு மேஸ்திரியின் சொல்தான் பதிவேடு. கட்டடம் முடிந்தால் அவள் வேறிடம் போகவேண்டும். தான் எழுப்பிய வீட்டில் அவளுக்கு ஒரு நாள்கூட இடமில்லை. தமிழ்நாட்டில் 1982இலேயே உடலுழைப்புத் தொழிலாளர்க்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1996இல் வந்த மத்தியச் சட்டம், கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தீர்வை வாங்கி, நல வாரியம் வழியாகத் தொழிலாளர்க்குச் செலவிட வழி செய்தது. பதிந்து கொண்டவர்க்கே அது கிடைக்கும். ஊர் விட்டு ஊர் போகிறவர் எங்கே பதிவது? 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது நெடுஞ்சாலைகளில் நடந்து சென்றவர்களில் கட்டடத் தொழிலாளர் மிகப் பலர்.

1995இல் பம்பாய் மும்பை ஆயிற்று. அவ்வாண்டே குடிசை மாற்று ஆணையமும் அமைந்தது. அதன் சூத்திரம் எளிது. குடிசைவாசிக்குக் கட்டட வணிகர் இலவசமாக வீடு கட்டித் தருவார். பதிலுக்கு அவருக்குக் கூடுதல் தளங்கள் கட்ட உரிமை கிடைக்கும். அவற்றைச் சந்தையில் விற்றுச் செலவையும் இலாபத்தையும் எடுத்துக்கொள்வார். 1920இல் ஏழையின் அறைக்குப் பஞ்சுப் பொதி வரி கொடுத்தது. இன்று ஏழையின் வீட்டுக்குப் பணக்காரன் வாங்கும் வீடு பணம் கொடுக்கிறது. மனை விலை ஏறினால்தான் குடிசை மாறும். விலை சரிந்தால் இலவச வீடும் பாதியில் நிற்கும். ஓர் அரசாங்கக் கடமை சந்தையின் ஏற்றத்தாழ்வோடு முடிச்சுப் போடப்பட்டுவிட்டது.

தாராவிக்கு இது வந்து சேர்ந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலாளர் அங்கு வந்து குடியேறினர். சௌராஷ்டிரத்துக் குயவர்களும் அவர்கள் பக்கத்தில் சூளை போட்டனர். எவரும் விரும்பாத சதுப்பைக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கியவர்கள் அவர்களே. கம்பெனி தூர்த்த நிலத்துக்குப் பத்திரம் உண்டு, இவர்கள் தூர்த்த நிலத்துக்குப் பத்திரம் இல்லை. நகரம் வடக்கே வளர்ந்து, அருகில் பாந்திரா-குர்லாவில் நிதி நிறுவனங்களின் மாளிகைகள் எழுந்ததும், விளிம்பாக இருந்த தாராவி நடுவாக மாறிவிட்டது. 2004 முதல் பேசப்பட்டு வந்த புனரமைப்புத் திட்டத்துக்கு 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கான ஒப்பந்தப் புள்ளி ஏற்கப்பட்டது.

அத்திட்டத்தின் விதிகளை அங்குள்ள நம்மவர் கருத்தோடு படிக்கவேண்டும். 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னிருந்தே தரைத்தளத்தில் வசித்து வருபவர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. அதன்பின் 2011 தொடக்கம் வரை வந்தவர்க்கு வேறிடத்தில், இரண்டரை இலட்சம் ரூபாய் கட்டினால் வீடு. அதற்கும் பின் வந்தவரும், எக்காலத்தில் வந்தவராயினும் மேல்மாடியில் இருப்பவரும், வெளியே வாடகைத் தவணை வீட்டுக்குச் செல்லவேண்டும். வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, மின்கட்டண இரசீது போன்றவையே சான்று. தாராவியில் குடிசைக்கு மேல் இரும்பு ஏணி வைத்து ஒரு மாடி எழுப்புவது நெடுநாளைய வழக்கம். கீழே குடும்பமும் தொழிலும். மேலே வாடகைக்கு, பெரும்பாலும் ஊரிலிருந்து புதிதாக வந்த இளைஞர்கள். அந்த வாடகையில்தான் கீழ்வீட்டார் பலர் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். 350 சதுர அடி வீட்டில் மாடிக்கும் இடமில்லை, தோல் தைக்கும் எந்திரத்துக்கும் இடமில்லை. இட்லி மாவு ஆட்டி விற்பவரும், பை தைப்பவரும், அப்பளம் இடும் பெண்களும் தங்கள் தொழிலை எந்தத் தளத்துக்கு எடுத்துச் செல்வார்கள் என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.